வாலுக்கு அடியில் சிவப்பு

ஏழாம் வகுப்பில் நான் பாதியில் காணாமல் போனேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஐப்பசி மழைக்கு விட்ட விடுமுறைக்குப் பிறகு பெஞ்சில் என் இடம் காலியாகவே கிடந்தது. கோடை கழிந்து நான் திரும்பி வந்தபோது நீங்கள் எல்லோரும் எட்டுக்குப் போயிருந்தீர்கள்; நான் ஏழிலேயே உட்கார்ந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு டிபி என்று ஒருத்தி சொன்னதாக மட்டும் காதில் விழுந்தது. யார் என்று தெரியும், சொல்லமாட்டேன். டிபி இல்லை. நமக்கெல்லாம் அறுபது ஆகப்போகிறது. சந்தித்தால் முழங்கால் வலியும் பேரப்பிள்ளைகளும் தவிரப் பேச ஒன்றும் இருப்பதில்லை. அதனால் அந்த ஆறு மாதத்தை இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் வலது முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மூட்டுக் காய்ச்சல், இதயத்தையும் தொட்டிருக்கிறது என்றார். படுத்தே இருக்கவேண்டும். ஓடக்கூடாது, மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து பென்சிலின் ஊசி போட்டுவிட்டுப் போவார். அந்த மருந்து கெட்டியான பால் மாதிரி இருக்கும். போட்ட பக்கத்துக் கால் மறுநாள் வரை என்னுடையதாக இருக்காது.

டாக்டர் சொன்னதற்கு மேல் உம்மா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்த லாத்தாவுக்கும் இதே நோய்தான். ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தவள், எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தாளாம். மூச்சு வாங்குகிறாள் என்று உம்மா தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். தண்ணீரோடு வந்தபோது லாத்தா இல்லை. அப்போது எனக்கு மூன்று வயது. அவள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தப் படியை உம்மா மிதிக்கமாட்டாள், தாண்டித்தான் போவாள். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என்னைத் தூக்கிக்கொண்டு போய் மாடி அறையில் போட்டார்கள். சாப்பாடு மேலே வந்தது, உப்பில்லாமல். கழிப்பறை மாடியிலேயே ஒரு மூலையில் இருந்தது. அதற்கு மட்டும் எழுந்து போகலாம், அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. வாப்பா சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் இருந்தார். என் அண்ணன், நாங்கள் நானா என்போம், காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவான். வந்ததும் பந்து விளையாடக் கடற்கரைக்குப் போய்விடுவான். அறைக்கதவை யாரும் பூட்டவில்லை. உம்மா கீழே இருந்தபடி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, "எந்திரிக்கலியே?" என்று குரல் கொடுப்பாள். "இல்லம்மா" என்று நான் சொல்லவேண்டும். சொல்லக் கொஞ்சம் தாமதமானால் காலடிச் சத்தம் கேட்கும், நடுவில் ஒரு படி மட்டும் விட்டு.

கட்டிலை ஒட்டி ஜன்னல். கம்பி இல்லை, மரச் சட்டம் மட்டும். கீழே ஆறடி அகலச் சந்து. சந்துக்கு எதிர்ப்பக்கம் சொல்தா வீட்டின் கொல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவரை நம் ஊரில் சொல்தா என்போம் அல்லவா, அப்படி ஒருவரின் வீடு. அவர் வாதம் வந்து படுத்த படுக்கை. நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வீட்டை ஆண்டது அவர் மனைவி. ஒரே மகன் பிரான்ஸில் இருந்தான். முந்தைய வருஷம் வந்து, மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். விசாப் பேப்பர் வந்ததும் பெண் அங்கே போகவேண்டியது. பேப்பர் வரவில்லை. அந்தப் பெண்தான் எதிர்வீட்டு அக்கா.

மேலேயிருந்து நான் பார்த்ததெல்லாம் அவளுடைய வகிடுதான். நேரான, நீளமான வகிடு. கிணற்றடியில் குனிந்து பாத்திரம் துலக்குவாள், மீன் ஆய்வாள், மாமனாரின் துணிகளை வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்குவாள். கொல்லையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். சந்துப் பக்கம் ஒரு மரக்கதவு. அந்தக் கதவின் தலைக்கு மேல் ரங்கூன் மல்லிக் கொடி பந்தல் போல அடர்ந்து சந்துக்குள் தொங்கியது. சாயங்காலம் வெள்ளையாகப் பூத்து மறுநாள் சிவக்கும்.

மாசி மாதம் ஒரு காலை, அந்தக் கொடிக்குள் ஒரு குருவி எதையோ வாயில் கவ்விக்கொண்டு நுழைந்தது. வெளியே வந்தது. மறுபடி நுழைந்தது. தலை கறுப்பு, உச்சியில் சின்னதாகக் கலைந்த கொண்டை. உடம்பு பழுப்பு, இறகு ஓரமெல்லாம் வெளுத்து மீன் செதில் மாதிரி. பறக்கும்போது இடுப்பில் வெள்ளை தெரிந்தது, வால் நுனியிலும் வெள்ளை. அதுவரை நான்கு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது கூரை உத்தரத்தில் இருந்த கறையைத்தான். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து ஒரு குரல்.

"நீயும் பாத்தியா?"

அக்கா அண்ணாந்து நின்றாள். முதல்முறையாக அவள் நெற்றியும் கண்ணும் தெரிந்தன.

"கொண்டைக்குருவி" என்றேன்.

"எங்க ஊர்ல சின்னான்னு சொல்லுவோம். மெதுவாப் பேசு, அத்தை தூங்குறாங்க."

அவள் ஊர் நெரவிப் பக்கம், வயல் கிராமம். டவுன் பஸ்ஸில் ஏறினால் அரைமணிகூட ஆகாது. அங்கே வேலியெல்லாம் சின்னான்தானாம். கோவைப்பழம் பழுத்தால் முதலில் தெரிவது அதற்குத்தானாம்.

அன்றிலிருந்து மத்தியானம் அவள் மாமியார் கண்ணயரும் நேரம் எங்கள் நேரம். கத்திப் பேச முடியாது. எனக்கு நெஞ்சு, அவளுக்கு மாமியார். உம்மா மாடியிலிருந்தே கீரைக்காரியிடம் கீரை வாங்கக் கயிறு கட்டிய ஒரு சின்னப் பிரம்புக் கூடை வைத்திருந்தாள். அதில் சீட்டு எழுதிப் போட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்டி இறக்குவேன். அவள் கரித்துண்டால் பதில் எழுதி அனுப்புவாள். நான் நானாவின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். இன்று நாணல் சுள்ளி. இன்று சிலந்திக் கூடு, அதைச் சுள்ளியைச் சுற்றி நூல் மாதிரி இழுத்து ஒட்டியது. இன்று எனக்கு ஊசி போட்ட பஞ்சு. கம்பவுண்டர் ஜன்னல் வழியே எறிந்த அந்தப் பஞ்சை ஜோடிக் குருவிகளில் ஒன்று எடுத்துப்போய்க் கூட்டின் அடியில் வைத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போதும் விளக்கிச் சொல்ல முடியாது.

எங்களுக்குள் சண்டையும் வந்தது. வாப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. மூடியில் ஒரு பறவைப் படம். கறுப்புத் தலை, நிமிர்ந்த கூர்க் கொண்டை, வெள்ளைக் கன்னம், கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தொட்டுவைத்த மாதிரி சிவப்பு. இதுதான் நம் குருவி என்று எழுதி, மூடியைக் கூடையில் வைத்து இறக்கினேன். பதில் வந்தது: 'இது வேற. இதுக்குச் சிவப்பு கன்னத்துல. நம்மளுதுக்கு வாலுக்கு அடியில்.'

'நம்முடையதற்கு எங்கேயுமே சிவப்பு இல்லை. இது இன்னும் சின்னது. வளர்ந்ததும் கன்னம் சிவக்கும்' என்று எழுதினேன்.

'எனக்குச் சிவப்பு தெரியுது.'

'பொய்.'

மூன்று நாள் கூடை இறங்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் நான் மல்லாந்து கிடந்தபோது, அந்தக் குருவி ஜன்னலின் மேல் கட்டையில் வந்து உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தது. நான் அடியிலிருந்து பார்த்தேன். வால் ஆரம்பிக்கும் இடத்தில், பழுத்த மிளகாய் நிறத்தில், பளிச்சென்று சிவப்பு. மேலேயிருந்தே பார்த்துப் பழகிய எனக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. கூடையை இறக்கினேன். 'சிவப்பு இருக்கிறது. மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது மட்டும் மேலே தெரிந்தது.

பிற்காலத்தில் பறவைப் புத்தகம் ஒன்றில் இரண்டையும் பார்த்தேன். டின் மூடியில் இருந்தது செம்மீசைச் சின்னான். மலையோரமும் மரம் அடர்ந்த இடமும் அதற்கு. எங்களுடையது செம்புழைச் சின்னான். நம் ஊரில் எந்த முருங்கை மரத்திலும் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தது. எது ஆண், எது பெண் என்று நானும் அக்காவும் எவ்வளவு வாதாடினோம்!

எனக்குத் தெரிவது அவளுக்குத் தெரியாது. கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கீழே நிற்பவளால் பார்க்க முடியாதே. "மூணு முட்டை அக்கா! ரோஸ் கலர்ல செம்புள்ளி!" என்று நான் சொன்ன அன்று, அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி, மாமியார் எழுந்து வந்து திட்டியதை நானும் கேட்டேன்.

"மேல பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறியா? நாளைக்கே பாண்டிச்சேரியிலேருந்து ஆளு வந்து விசாரிச்சா, குடும்பம் நடத்துற பொண்ணுன்னு ஒன்னைச் சொல்லுவாங்களா?"

இந்தப் பாண்டிச்சேரி ஆள்தான் அந்த வீட்டின் பயம். பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து யாரோ ஒருவர் எந்த நேரத்திலும் வந்து, மருமகள் வீட்டில் இருக்கிறாளா என்று பார்ப்பார், இல்லாவிட்டால் பேப்பரைக் கிழித்துவிடுவார் என்று அந்த அம்மாள் நம்பினார். அப்படி யாரும் வருவதில்லை என்று இன்று யாருக்கும் தெரியும். அந்தப் பயத்தால் அக்கா பொங்கலுக்கும் ஊருக்குப் போகவில்லை, தங்கை பெரியவளானதற்குச் செய்த பூசுமஞ்சளுக்கும் போகவில்லை.

அடைகாக்கும் நாட்களில் ஒரு முட்டையை ஓணான் தின்றது. நான் கைதட்டிப் பார்த்தேன். தலையணையை எறிந்தேன். தலையணை சந்தில் விழுந்ததுதான் மிச்சம். பதின்மூன்றாம் நாள் மற்ற இரண்டும் பொரிந்தன. மயிரே இல்லாத சதை, மூடிய கண், வாய் மட்டும் உடம்பளவு. இரண்டு பெரியவையும் மாறி மாறிப் புழுவும் வெட்டுக்கிளியும் கொண்டு வந்தன. குஞ்சின் எச்சம் வெள்ளைப் பொட்டலம் மாதிரி வரும்; அதைக் கவ்விக்கொண்டு போய் எங்கோ போட்டுவிட்டு வரும். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அதுதான்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா கூடையில் வேறு மாதிரி ஒரு சீட்டுப் போட்டாள். 'எங்கப்பாவுக்கு ஒரு லெட்டர் இருக்கு. உங்க நானாகிட்ட குடுத்துத் தபால்ல போடச் சொல்லுவியா? யாருக்கும் தெரியக் கூடாது.'

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 'யாருக்கும்' என்பதில் உம்மா சேர்த்தியில்லை. சொல்லிவிட்டேன். உம்மா சீட்டை வாங்கிப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது அவங்க வீட்டு வெவகாரம். நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நின்னு கேட்டா, பதில் சொல்ல உன் வாப்பாவா வந்து நிப்பாரு? ஆம்பளை இல்லாத வீடு இது."

"லெட்டர்தானேம்மா."

"பேசாதே. நெஞ்சு வலிக்கும்."

கூடையைக் கயிறோடு எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். மறுநாள் அக்கா அண்ணாந்து பார்த்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒரே செம்பைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் நாங்கள் பேசவில்லை. எனக்குச் சொல்ல வாயில்லை. அவளுக்கு, இப்போது நினைத்துப் பார்த்தால், பேச மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது.

பங்குனி வெயில். உம்மா பக்கத்துத் தெருவில் யாரோ இறந்துபோன மௌத்து வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது தண்ணீரைக் கைக்கெட்டும்படி வைத்து, "எந்திரிக்க மாட்டேன்னு சொல்லு" என்று என் வாயால் சொல்லவைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் சந்தில் ஒரே கூச்சல். இரண்டு சின்னானும் கொண்டை விறைக்க, கொடியிலிருந்து மதிலுக்கும் மதிலிலிருந்து கொடிக்கும் தாவிக் கத்தின. எட்டிப் பார்த்தேன். கூட்டில் ஒரு குஞ்சுதான் இருந்தது. மற்றது சந்தின் நடுவில், வாலில்லாத உருண்டையாக, தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. மதில் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"அக்கா! அக்கா! குஞ்சு விழுந்திடுச்சு! கதவைத் தொறங்க!"

அக்கா ஓடிவந்து கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு அசைந்து, திரும்பப் போய் முட்டிக்கொண்டது. உள்ளங்கையால் அடித்தாள். பலகைச் சத்தத்துக்குக் காக்கை எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

"முடியல புள்ள!"

ஏன் முடியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. காக்கை கீழே இறங்கிவிட்டது.

நான் எப்படிக் கட்டிலைவிட்டு இறங்கினேன் என்று ஞாபகமில்லை. படி ஞாபகம் இருக்கிறது. ஐந்து மாதம் நடக்காத கால், பக்கத்து வீட்டுக் கால் போல இருந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு இறங்கினேன். லாத்தாவின் படி வந்தது. தாண்ட எனக்குப் பலமில்லை. அதை மிதித்துத்தான் இறங்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை.

பின்கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் விழுந்த மாதிரி போய் நின்றேன். கத்தினேன். காக்கை போய்விட்டது. குஞ்சைக் கையில் எடுத்தேன். சூடு. அதன் உடம்பே ஒரு நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. திருப்பிப் பார்த்தேன், வாலுக்கு அடியில் சிவப்பு இல்லை, வெளிறிய காவி நிறம்தான். அந்த நேரத்திலும் அதைப் பார்த்தேன் பாருங்கள். கொடியின் தாழ்ந்த கிளை ஒன்றில் வைத்தேன். விரலை விட மறுத்தது. பிறகு கிளையைப் பற்றிக்கொண்டது. பெரிய சின்னான் இரண்டும் என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தன.

சின்னான் குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு முன்பே கூட்டைவிட்டுக் குதித்துவிடும், தாயும் தகப்பனும் தரையிலும் புதரிலும் வைத்தே ஊட்டும் என்று பின்னால் படித்தேன். அது விழவே இல்லை, போவதற்காக இறங்கியிருக்கிறது. காக்கை ஒன்றுதான் நிஜமான ஆபத்து. இது அன்று தெரிந்திருந்தால் நான் இறங்கியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

குஞ்சை வைத்துவிட்டுக் கையை எடுத்தபோதுதான் கொடிக்கு உள்ளே கதவைப் பார்த்தேன். வெளிப்பக்கம், நாதாங்கியில், என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு. புதுப் பூட்டு. மேலே ஜன்னலிலிருந்து பார்த்தால் கொடிதான் தெரியும்.

"அக்கா, பூட்டியிருக்கு."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பலகையில் சாய்ந்து உட்கார்வது கேட்டது.

"தெரியும்."

"வெளியிலேருந்து பூட்டியிருக்கு அக்கா."

"தெரியும்டி. கார்த்திகையிலேருந்து பூட்டித்தான் இருக்கு. வாசல்ல அத்தை பாய் போட்டுப் படுத்திருப்பாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நெஞ்சு சரியில்லாத புள்ள நீ. ஒன்கிட்ட போயி இதைச் சொல்லுவாங்களா?"

சந்தில் கிடந்த ஒரு கருங்கல்லைப் பார்த்தேன். "ஒடைக்கட்டுமா?"

"வேணாம்!" குரல் பதறியது. "ஒடைச்சிட்டு வந்தா ஓடிப்போயிட்டான்னு சொல்லுவாங்க. அப்புறம் எங்கப்பா தலை நிமிர முடியாது. அவரு வந்து கூட்டிட்டுப் போவணும். ரெண்டு தடவ வந்தாரு. நான் மாமனாரை வைத்தியத்துக்குக் கூட்டிக்கிட்டுப் பாண்டிச்சேரி போயிருக்கேன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிட்டாங்க. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

கதவின் அடியில் நீல நிறத்தில் ஏதோ நகர்ந்து வந்தது. இன்லேண்ட் லெட்டர். மடித்து ஒட்டி, எத்தனையோ நாள் உடம்போடு வைத்திருந்ததில் துணி மாதிரி நைந்துபோயிருந்தது. விலாசம் வியர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது; ஆனால் படிக்க முடிந்தது.

தபால் பெட்டி தெருமுனையில். உங்களுக்குத் தெரியும், ஓடினால் ஒரு நிமிஷம். எனக்கு அன்று எவ்வளவு நேரம் ஆனதோ. செருப்பில்லை. வீட்டுக்கு வீடு சுவரில் கைவைத்து நின்று நின்று போனேன். வெயிலில் கண் கூசியது. பெட்டியின் வாயில் கடிதத்தைப் போட்டு, அது விழுந்த சத்தத்தைக் கேட்டேன். திரும்பும்போது, பைத்தியக்காரி மாதிரி, நாலடி ஓடிப் பார்த்தேன். ஓட முடிந்தது.

வீட்டு வாசலில் உம்மா நின்றாள். மௌத்து வீட்டு வெள்ளைத் துப்பட்டியோடு. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, படியில் உட்காரவைத்து, தானும் தரையில் மண்டியிட்டு, என் நெஞ்சில் காதை வைத்தாள். அப்படியே வெகுநேரம் இருந்தாள். துப்பட்டியில் ஊதுபத்தி வாசனை.

"ஓடுனியா?"

"ஓடுனேன்."

"மூச்சு?"

"நல்லாத்தாம்மா இருக்கு. அந்தக் கதவு வெளியில பூட்டியிருக்கும்மா."

உம்மா காதை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

அவளும்தான் தினமும் அந்தச் சந்து வழியே போகிறவள்.

மறுநாள் ரிக்‌ஷா வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னுமா படுக்கவச்சிருக்கீங்க? பொங்கலுக்கு அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா நடக்க விடுங்க, மாசியில பள்ளிக்கூடம் அனுப்பலாம்னு சொன்னேனேம்மா. கம்பவுண்டர்கிட்டயும் சொல்லி அனுப்புனேனே?"

"சொன்னீங்க டாக்டர்."

"பின்னே?"

உம்மா என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். ரிக்‌ஷாவில் வரும்போது, என்னைப் பார்க்காமல், "எனக்குத் தைரியம் வரல" என்றாள். நான் அப்போது அவளை மன்னிக்கவில்லை. என் ஒரு வருஷத்தை அவள் எடுத்துக்கொண்டாள் என்று பல காலம் கோபமாக இருந்தேன். என் மகளுக்கு முதல்முறை மூட்டு வலி என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்ன அன்றுதான், அந்த ரிக்‌ஷாவில் அவள் உட்கார்ந்திருந்த மாதிரி எனக்குப் புரிந்தது.

லெட்டர் போட்ட நான்காம் நாள் காலை அக்காவின் அப்பா வந்தார். முன்வாசலுக்குப் போகவில்லை, நேரே சந்துக்குள் வந்து அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. பூட்டைப் பார்த்தார். கையில் எடுத்து எடை பார்ப்பது போல் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். நான் எங்கள் பின்வாசலில் நின்றிருந்தேன். அக்காவின் மாமியார் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

"சம்பந்தி, வாசப்பக்கம் வாங்க. என்னத்துக்கு இங்க நிக்கிறீங்க?"

"இதைத் தொறங்கம்மா."

"பேப்பர் வர்ற நேரம். பாண்டிச்சேரியிலேருந்து ஆளு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"எம்மவ நெரவியில அவுங்கப்பன் வீட்ல இருக்கான்னு சொல்லுங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். இரண்டு தரம் குத்தியும் சாவி துளைக்குள் போகவில்லை. அக்காவின் அப்பாவே வாங்கித் திறந்தார். அந்த அம்மாள் மதிலில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தார். "எனக்கும் எட்டு மாசமா லெட்டர் இல்ல சம்பந்தி" என்றார். அந்த மகனுக்கு அங்கே வேறு குடும்பம் இருந்தது பிறகு ஊருக்கே தெரிந்தது. அன்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்ததா, தெரியாமலேயே பயந்து பூட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். முகத்தில் அம்மைத் தழும்பு. வகிடும் நெற்றியும் தவிர நான் அவளை முழுதாகப் பார்த்தது அன்றுதான். அவளும் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"நீயா? இவ்ளோ பெரிய பொண்ணா நீ?" என்றாள். கன்னத்தைத் தொட்டாள். கையில் சாம்பல் சோப்பு வாசனை.

பால்வாடி டீச்சராக வேலை பார்த்தாள், தங்கை பிள்ளைகளை வளர்த்தாள் என்று வெகு காலம் கழித்துக் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் அரைமணி நேரம். நான் ஒருமுறையும் போய்ப் பார்க்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர்கள் இருவரும் சந்தைவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். யாரும் வா என்று சொல்லவில்லை. அக்கா ஒரு பக்கம், அவள் அப்பா ஒரு பக்கம், நடுவில் நான். தபால் பெட்டி தாண்டியது, அரிசி மண்டி தாண்டியது. இரண்டு இடத்தில் கால் வலித்து நின்றேன், அவர்களும் நின்றார்கள். திரும்பிப் பார்த்தபோது பத்தடி பின்னால் உம்மா வந்துகொண்டிருந்தாள். கையில் என் செருப்பு. கூப்பிடவில்லை.

பஸ் வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும்வரை நான் நின்றேன். உம்மா பக்கத்தில் வந்து செருப்பைக் கீழே போட்டாள். நான் கால்களை நுழைத்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் போவணும்?" என்று உம்மா கேட்டாள்.

இத்தனை மாதத்தில் அவள் என்னை எதுவும் அப்படிக் கேட்டதில்லை. கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பின்னால் நடந்தாள்.